பேத்தியை வாங்கும் கை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கமில்லை. கடன் வாங்கி மாடு வாங்கினது, கடை வச்சது பற்றியெல்லாம் எனக்கு முன்னாடி பேசினவங்க நல்லாவே சொல்லிட்டாங்க. நான் வீட்டுக்குள்ளே நடக்கிற ஒரு விஷயத்தைச் சொல்லலாம்னு வந்தேன். பேரப்பிள்ளை பிறந்தா நம்ம வீட்டுப் பெரியவங்க அதை எப்படிக் கையில் வாங்குறாங்க என்பதுதான் அது.

இதை ஏன் இங்கே பேசணும்னு கேட்பீங்க. நம்ம தமிழ்நாட்டில் சுய உதவிக் குழு 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கியது. 1997-க்குப் பிறகு மகளிர் திட்டம் மூலமா மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. அந்தக் காலத்தில் இடுப்பில் பிள்ளையை வச்சுக்கிட்டு கூட்டத்துக்கு வந்தவங்க, இன்னைக்கு அப்பத்தாவாகவும் அம்மிச்சியாகவும் இந்த முன் வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. அப்போ புதுசாப் பிறக்கும் பிள்ளையை முதலில் வாங்கும் கை, நம்ம குழுவில் கையெழுத்துப் போடப் பழகின கைதானுங்களே.

நம்ம பக்கம் பிள்ளை பிறந்தா புதுத் துணி போட மாட்டோம். அப்பத்தாவோ அம்மிச்சியோ கட்டிப் பழசான நூல் சேலையைக் கிழிச்சு, துவைச்சுக் காய வச்சு, அதில்தான் பிள்ளையைச் சுத்துவோம். தூளி கட்டுறதும் அதே சேலையில்தான். பஞ்சு மாதிரி மெத்துனு இருக்கும், பிள்ளைக்கு உறுத்தாது. வீட்டில் நல்ல குணமுள்ள பெரியவங்களைக் கூப்பிட்டு சேனை வைக்கச் சொல்லுவாங்க. அவங்க குணம் பிள்ளைக்கு வரும்னு ஒரு நம்பிக்கை. பிள்ளை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுன்னு பாட்டி சொல்லுற முறை இதெல்லாம்.

ஆனா இந்த வரவேற்பு எல்லாப் பிள்ளைக்கும் கிடைச்சதான்னா, இல்லைங்க. நமக்குப் பக்கத்தில் இருக்கும் சேலத்தில்தான் 1992-ல் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டு வந்தார். பெண் பிள்ளை வேண்டாம்னா கொல்லாதீங்க, எங்க தொட்டிலில் போட்டுட்டுப் போங்கன்னு அரசாங்கம் சொல்ல வேண்டி வந்தது. பிறகு மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி மாவட்டங்களுக்கும் அது போச்சு. வீட்டில் தூளி கட்ட வேண்டிய பாட்டி கட்டாததால்தானே அரசாங்கம் தொட்டில் வைக்க வேண்டி வந்தது? சொல்லவே நாக்கு கூசுது, கள்ளிப்பால் ஊத்தினது பல வீட்டில் பாட்டி கைதான். அவங்களையும் அப்படி ஆக்கினது வரதட்சணை பயமும் சீர் செலவும்தான். செய்யச் சொன்ன ஆம்பளைங்க வெளியே திண்ணையில் இருந்தாங்க.

கருவில் இருப்பது ஆணா பெண்ணான்னு பார்த்துச் சொல்லக் கூடாதுன்னு 1994-ல் சட்டம் வந்தது. அப்படியும் 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயசுக்குள் 1000 ஆண் பிள்ளைக்கு 851 பெண் பிள்ளைதான் இருந்தாங்க. 2011-ல் அது 900-ஐத் தாண்டியது. தேறியிருக்கு, ஆனா இன்னும் சரியாகலை.

என் வீட்டுக் கதையையும் சொல்லணும். எனக்கு இரண்டாவதும் பெண் பிறந்தப்போ, பார்க்க வந்த சொந்தக்காரம்மா ஒருத்தர் வார்டு வாசலிலேயே, "இதுவும் பொட்டப்புள்ளைதானா?" என்று உச்சுக் கொட்டினார். நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். என் அத்தை, அதாவது எங்க மாமியார், பிள்ளையைத் தன் சேலைத் துணியில் சுத்தி மடியில் வச்சிருந்தாங்க. தலையை நிமிர்த்தி, "ஏனுங்க, நானும் பொட்டப்புள்ளைதான், நீங்களும் பொட்டப்புள்ளைதான். நாம இல்லாமயா இந்தக் குடும்பம் ஓடுது?" என்று கேட்டாங்க. அப்புறம் மாமனாரைக் கூப்பிட்டு, "போயி ஒரு கிலோ கல்கண்டு வாங்கிட்டு வாங்க, வார்டு பூரா குடுக்கணும்" என்றாங்க. அதுக்கப்புறம் எங்க சொந்தத்தில் யாரும் என்னிடம் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நான் நூறு தடவை சொல்லியிருந்தாலும் எடுபடாது. மாமியார் ஒரு தடவை சொன்னது போதும். பெத்தவளுக்கு அந்த நேரம் மருந்தை விட அந்த வார்த்தைதான் தெம்பு.

அதனால பாட்டிமார்களிடம் மூணு விஷயம் கேட்டுக்கிறேன்.

முதலாவது, சேனை வைக்கிற பழக்கம். குணம் வரட்டும், நல்லதுதான். ஆனா சர்க்கரைத் தண்ணி, தேன், கழுதைப்பால் எதுவும் பச்சைப் பிள்ளைக்கு வேண்டாமுங்க. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாயின் சீம்பால் கொடுக்கணும். மஞ்சளா கெட்டியா இருக்குன்னு பீச்சிக் கொட்டிடாதீங்க. நோய் எதிர்ப்பு சக்தி அதில்தான் இருக்கு. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணி கூட வேண்டாம். பெரியவங்க ஆசீர்வாதம் பண்ண கையைத் தலையில் வச்சாலே போதும். மருமக சொன்னா கேட்காத வீட்டில், கிராம சுகாதார செவிலியரைக் கூட்டிட்டு வந்து சொல்லச் சொல்லுங்க.

இரண்டாவது, முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம். ஒரே பெண் குழந்தைன்னா 50,000 ரூபாய், இரண்டும் பெண்ணுன்னா ஆளுக்கு 25,000 ரூபாய் அரசாங்கம் பிள்ளை பேரில் வைப்புத்தொகை போடும். 18 வயசு முடிஞ்சதும் வட்டியோடு வரும், அதுக்குள் பத்தாவது எழுதியிருக்கணும். ஆண் குழந்தை இருக்கக் கூடாது, பெத்தவங்களில் ஒருத்தர் குடும்பக் கட்டுப்பாடு செய்திருக்கணும், வருமான வரம்பும் உண்டு. பிள்ளைக்கு மூணு வயசு முடியறதுக்குள் விண்ணப்பம் போடணும். இரண்டு பெண் இருந்தா இரண்டாவது பிள்ளையின் வயசுதான் கணக்கு. இந்தத் தேதி தெரியாமலே பல பேர் விட்டுடுறாங்க. ஒன்றியத்தில் சமூக நல விரிவாக்க அலுவலரிடம் கேட்டா விவரம் சொல்லுவாங்க.

மூணாவது, பேச்சு. பேத்தி பிறந்த அன்னைக்கே "ஐம்பது பவுனுக்கு எங்கே போறது"ன்னு ஆரம்பிக்காதீங்க. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்குன்னு தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்திருச்சு, 2005-ல் நாடு முழுக்க வந்திருச்சு. அரசுப் பள்ளியில் ஆறாவதில் இருந்து பன்னிரண்டாவது வரை படிச்ச பிள்ளை காலேஜ் போனா, 2022-ல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1000 ரூபாய் கிடைக்குது. பாட்டி பேத்தியைச் செலவா எண்ணாம, படிக்கப் போற பிள்ளையா எண்ணணும்.

கடைசியா கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. எந்த உறுப்பினர் வீட்டில் பேரனோ பேத்தியோ பிறந்தாலும் அந்த வாரமே குழுவில் இருந்து நாலு பேர் போய்ப் பார்க்கணும். பேரனுக்கு என்ன கொண்டு போறோமோ அதையே பேத்திக்கும் கொண்டு போகணும். பேத்தியா இருந்தா, விண்ணப்பம் போட வேண்டிய கடைசித் தேதியைத் தீர்மான நோட்டில் எழுதி வைக்கணும். உள்கடன் தவணையை மறக்காம கேட்கிறோமே, அதே மாதிரி இதையும் மாசா மாசம் கூட்டத்தில் கேட்கணும். இதுக்கு ஒத்துக்கிறவங்க கை தூக்குங்க பார்க்கலாம்.