டிரம்பெட்டோடு போட்டியிட்ட வயலின்



பட்டமளிப்பு மேடையில், பட்டம் வாங்காத ஒருவரைப் பற்றிப் பேசப்போகிறேன். துணைவேந்தர் பொறுத்தருள வேண்டும்.

அவர் பெயர் ஸ்டஃப் ஸ்மித். 1909இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் பிறந்த கறுப்பின ஜாஸ் வயலின் கலைஞர். உதவித்தொகையில் கல்லூரியில் சேர்ந்தவர், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் ஊராகப் போகும் கலைக்குழுவோடு கிளம்பிவிட்டார். லூயி ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட்டைக் கேட்டபின் அவருக்கு ஒரே வெறி: வயலினும் அப்படிப் பேச வேண்டும்.

டிரம்பெட்டும் டிரம்ஸும் முழங்கும் இடத்தில் வயலின் யார் காதில் விழும்? 1936இல் நியூயார்க் 52ஆம் தெருவின் ஓனிக்ஸ் கிளப்பில் ஸ்மித்தின் குழு வாசித்தது. டிரம்பெட் ஜோனா ஜோன்ஸ். பிறகு டிரம்ஸுக்கு வந்து சேர்ந்தவர் கோசி கோல். இருவருமே சூரர்கள். அவர்களை அடக்கி வாசிக்கச் சொல்வது ஒரு குழுத்தலைவருக்கு எளிய வழி. ஸ்மித்தோ தன் வயலினை ஒலிபெருக்கியோடு இணைத்துக்கொண்டார். அப்போது அதைச் செய்த வயலின்காரர்கள் மிகச் சிலர். வில்லை நீள இழுத்துக் குழைவதைவிட, தாளத்தின் மேல் வெட்டி வெட்டி வாசிப்பதே அவர் பாணி. தலையில் உயரத் தொப்பி, பாட்டு, கேலி, கூத்து. அந்தக் கூத்தில் மயங்கிப் பலர் அவருடைய இசையின் ஆழத்தைக் குறைத்து மதித்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

ஓனிக்ஸ் கிளப்பில் கிடைத்த புகழ் வந்த வேகத்தில் மங்கியது. 1957இல் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியோடு இசைத்தட்டுப் பதிவு செய்தார். 1965இல் ஐரோப்பாவுக்குக் குடிபெயர்ந்தார்.

மறு ஆண்டு, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நான்கு வயலின்கள் ஒரே மேடையில் சேர்ந்தன: ஸ்டெஃபான் கிராப்பெல்லி, ஸ்வெண்ட் ஆஸ்முசென், ஸ்மித், ஜான்-லுக் பாண்டி. பாண்டிக்கு 24 வயது. பாரிஸ் இசைக்கல்லூரியில் முதல் பரிசு வாங்கியவர். ஸ்மித்துக்கு 57. அந்த முதல் பரிசுக்காரர்தான் பின்னாளில் மின் வயலினைக் கையில் எடுத்து உலகப்புகழ் பெற்றார். ஸ்மித் அதையெல்லாம் பார்க்கவில்லை. 1967இல் மியூனிக்கில் காலமானார்.

பாசல் கச்சேரி 'வயலின் சம்மிட்' என்ற இசைத்தட்டாக வந்திருக்கிறது. வீட்டுக்குப் போனதும் கேளுங்கள். நால்வரில் ஸ்மித் யார் என்று உங்களுக்கு யாரும் சொல்லத் தேவையிருக்காது.