ஊர்க் கிணறும் நாட்டின் நீர்க்கணக்கும்



விளைந்த நெல்லை எடை போடுகின்றோம். நிலத்தை அங்குலம் விடாது அளந்து பட்டா பெறுகின்றோம். இவ்விரண்டிற்கும் உயிரான நீரை மட்டும் கண்மதிப்பால் கணித்துவிட்டு, பங்குனியில் கிணறு வற்றியதும் வானத்தை நொந்துகொள்ளுகின்றோம். கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு இறக்கிப் புழுதியை மட்டும் கண்ட குடும்பங்கள் நம் ஊர்களில் இல்லையா?

“நேற்று ஓர் உழவு மழை” என்று நம் பெரியோர் கூறுவதுண்டு. ஏரோட்டுவதற்கு அவ்வளவை போதும், நல்ல அளவைதான். ஆனால் பயிருக்கு நீர் காணுமா என்றறிய மில்லிமீட்டர் கணக்கு வேண்டும். ஓர் ஏக்கரில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர் நீர் விழுகின்றது.

நாட்டளவில் இக்கணக்கிற்கு ஏற்பாடுகள் உள. வானிலைத் துறை மழையையும், மத்திய நீர் ஆணையம் ஆற்று நீரையும் அளக்கின்றன. மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டம் பார்க்கின்றது. 1995இல் தமிழ்நாடும் சேர்ந்து தொடங்கிய நீரியல் திட்டம், 2016இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. ஆயினும் ஒரு கண்காணிப்புக் கிணறு பல ஊர்களுக்குப் பொதுவானது. பாறை நிலத்தில் ஒரு கிணற்றில் நீர் இருக்க, அடுத்த கிணறு வறண்டு கிடப்பதை நாம் அறிவோம். அந்த இடைவெளியை ஊராரே நிரப்ப வேண்டும்.

இதனைச் செய்து காட்டியவர் உளர். ஒன்றுபட்ட ஆந்திரத்தில் அனந்தப்பூர், கர்நூல், மகபூப்நகர் முதலிய 7 வறட்சி மாவட்டங்களில் 2003 முதல் உழவர்களே மழையையும் கிணற்று மட்டத்தையும் அளந்து வந்தனர். 600க்கும் மேற்பட்ட ஊர்கள் இதில் சேர்ந்தன. பருவ மழை ஓய்ந்ததும் ஊர் கூடி, இருக்கும் நீர் எவ்வளவு, போட நினைக்கும் பயிருக்கு வேண்டும் நீர் எவ்வளவு என்று கணக்கிட்டனர். எவரையும் தடுக்கவில்லை. கணக்கைக் கண்ட பலர் தாமே நெற்பரப்பைக் குறைத்தனர். ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஆகும் நீரில் இரண்டு ஏக்கர் நிலக்கடலை விளையுமென்றால், கணக்கறிந்த உழவர் வேறென்ன செய்வார்?

செலவும் பெரிதன்று. மழைமானியைத் திறந்த வெளியில், அருகிலுள்ள மரம், சுவர் இவற்றின் உயரத்தைப் போல் இரு மடங்கேனும் தள்ளி நாட்டி, நாள்தோறும் காலை 8.30 மணிக்குப் பார்க்க வேண்டும். கிணற்றை விடியற்காலையில், மோட்டார் ஓட்டுவதற்கு முன், கைப்பிடிச் சுவரில் இட்ட ஒரே குறியிலிருந்து அளக்க வேண்டும். குறி மாறினால் கணக்கும் மாறிப்போகும்.

இன்னொன்றையும் ஒளியாமல் கூறுகின்றோம். மழை விட்ட மூன்றாம் நாள் நினைவிலிருந்து எழுதிய பதிவேடுகளை நாம் கண்டதுண்டு. அளக்காத நாளுக்குக் கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும். பொய் எண்ணை நம்பி ஒருவர் நாற்று விட்டுவிடுவார்.

வடகிழக்குப் பருவ மழை முடிந்து, கோடைப் பயிருக்கு முன்னதாக வருவது ஜனவரி 26 கிராம சபை. மழையளவும் கிணற்று மட்டமும் அன்று உரக்கப் படிக்கப்பட்டு, பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும் எழுதப்படட்டும். சென்ற ஆண்டின் எண்ணையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.