முதுகுக்குள் மூளும் நெருப்பு



1877-இல் ரப்பர் கன்றுகள் ஊன்றப்பட்ட ஊர் இந்தக் கோலா கங்சார். அன்று நட்டவற்றுள் ஒன்று இன்றும் நிற்கிறது. மரத்தைக் காட்டிப் பெருமைப்படுகிறோம். விடியுமுன் குனிந்து பால் சீவி, காண்டாக் கம்பில் வாளி சுமந்த நம் தாத்தா பாட்டிகளின் முதுகைப் பற்றி எப்போதாவது பேசியிருக்கிறோமா? வலிக்கிறது என்றால் "வயசாயிடுச்சு" என்றோம். இல்லையென்றால் "சோம்பல்" என்றோம்.

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருப்பது வட்டு. நாம் 'டிஸ்க்' என்கிறோம். பெரியவர்களின் வட்டுக்குள் இரத்தக் குழாய் கிடையாது. மேலும் கீழும் உள்ள மெல்லிய தட்டுகள் வழியே கசிந்து வருவதுதான் அதற்குச் சாப்பாடு. கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர், ஊசியில் செலுத்திய மருந்து வட்டுக்குள் பரவுவதை 24 மணி நேரம் எம்.ஆர்.ஐ. படமெடுத்து ஆராய்ந்தார்கள். அந்தத் தட்டு பழுதானால் இந்தப் பரவலே மாறிவிடுகிறது என்று காட்டினார்கள். 2004-இல் அதற்கு அனைத்துலக விருது கிடைத்தது.

சாப்பாடு குறைந்து, பாரம் மிகுந்தால் உள்ளே என்ன நடக்கிறது? உயிரணுவுக்குள் ஓர் அபாயச் சங்கு உண்டு. அதன் பெயர் இன்ஃப்ளமசோம். 2002-இல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் வைத்த பெயர் அது. சங்கு ஒலித்ததும் காஸ்பேஸ்-1 என்ற கத்தரிக்கோல் விழித்துக்கொள்கிறது. அது காஸ்டெர்மின்-டி என்ற புரதத்தை வெட்டுகிறது. வெட்டுப்பட்ட துண்டுகள் உயிரணுவின் சவ்வில் ஓட்டை போடுகின்றன. உயிரணு வீங்கி வெடிக்கிறது. இந்த ஓட்டை போடும் வேலையைக் கண்டறிந்தது 2016-இல்தான்.

உயிரணு சாவது புதிதல்ல. வழக்கமாக அது சத்தமில்லாமல் தன்னை மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும். இந்தச் சாவோ பக்கத்து வீட்டுக்கும் தீ வைக்கிறது. இன்டர்லூகின்-1 என்ற அழற்சிப் பொருள் வெளியே கொட்டுகிறது. அடுத்த உயிரணுக்கள் அதனால் தூண்டப்பட்டு, வட்டில் நீரைப் பிடித்து வைத்திருக்கும் அக்ரிகானை அரிக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. நீர் வற்றி மெத்தை தட்டையாகிறது.

இவை பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிலும் கண்டவை. எல்லா முதுகு வலிக்கும் இதுவே காரணமும் அல்ல. வட்டு தேய்ந்தும் வலியே இல்லாதவர்கள் நிறைய. ஆகவே "டிஸ்க்கைப் புதுப்பிக்கும் மருந்து" என்று யாராவது விற்க வந்தால் பணப்பையை மூடி வையுங்கள்.

நம்மால் முடிந்தது என்ன? புகையை விடுங்கள், அது வட்டுக்குச் சாப்பாடு போகும் வழியைக் கெடுக்கிறது. வலி என்று நாள்கணக்கில் படுக்காமல் முடிந்தவரை நடமாடுங்கள். கால் பலமிழந்தாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாவிட்டாலோ தைலம் தேடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்றிரவு வீட்டில் அம்மாவோ தாத்தாவோ முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தால், "வயசாயிடுச்சு" என்று சொல்லாதீர்கள். "எங்கே வலிக்குது?" என்று கேளுங்கள்.