பையும் வேண்டும், பட்டியலும் வேண்டும்

(தாராவியில் நடந்த சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மழைக்காலம் நெருங்குகிறது. ஒரு தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறேன். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களைப் பராமரிக்கும் நம் குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் சங்கம் ஓர் அவசரகாலப் பை கொடுக்க வேண்டும்.

2005 சூலை 26-ஐ மறந்தவர் இங்கே யார்? சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆறு பொங்கியது. ரயில் நின்றது, விளக்கு அணைந்தது, தொலைபேசி செத்தது. வேலைக்குப் போனவர்கள் தண்டவாளம் வழியே நடந்து வந்தார்கள். அன்று என் அக்காள் மகனுக்குப் பதினோரு வயது. பேச்சு வராத பிள்ளை. வலிப்புக்கு வேளை தவறாமல் மாத்திரை தர வேண்டும். கோலிக்குள் புகுந்த தண்ணீரில் மாத்திரை போயிற்று. மருந்துக் கடைகள் மூடிக் கிடந்தன. மூன்றாம் நாள் விடியற்காலையில் வலிப்பு வந்தது. அடங்கி மறுபடியும் வந்தது. ஒரு கதவைக் கழற்றி, அதில் கிடத்தி, நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்தான். அன்று எங்கள் கையில் பணம் இருந்தது. பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக ஒரு வாரத்து மாத்திரைதான் இல்லை.

தோழர்களே, வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மூளை முடக்குவாதம் உள்ள பலரால் நிவாரணப் பொட்டலத்துச் சோற்றை மென்று விழுங்க முடியாது, புரையேறிவிடும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு முகாமின் இரைச்சலே வதை. காதைப் பொத்திக்கொண்டு அலறும், கூட்டத்தில் ஓடி மறையும், பேர் கேட்டால் சொல்லாது. “பிள்ளையை அடக்கி வை” என்று சுற்றியிருப்பவர்கள் அதட்ட, தாய் பிள்ளையோடு ஈரக் கோலிக்கே திரும்புகிறாள்.

பையில் என்ன வேண்டும்? ஒரு வாரத்து மருந்து, மருத்துவர் சீட்டின் நகல், அடையாள அட்டை நகல், தண்ணீர், மென்மையான உணவு, மாற்றுத் துணி, டார்ச் விளக்கு, விசில், காதை மூடும் பஞ்சு, பிள்ளை விடாமல் வைத்திருக்கும் ஒரு பொம்மையோ துணியோ. கழுத்தில் மாட்ட ஓர் அட்டை: பெயர், வீட்டாரின் தொலைபேசி எண், மருந்தின் பெயர், எதற்குப் பயப்படுவான், எப்படி அமைதியாவான் என்பதெல்லாம் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும். மாதம் ஒரு முறை பழைய மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். பையைத் தண்ணீர் ஏறாத பரணில் மாட்ட வேண்டும்.

“அவரவர் பையை அவரவர் கட்டிக்கொள்ளட்டுமே” என்று ஒரு நண்பர் சொன்னார். மூன்று நாள் மாத்திரையைக் கூலி வாங்கிய அன்று வாங்குகிற தாய், ஒரு வார மாத்திரையைச் சேர்த்து வைப்பது எப்படி?

இது தர்மமும் அல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 8-ஆம் பிரிவு, பேரிடரில் அவர்களுக்குச் சமமான பாதுகாப்பு உண்டு என்கிறது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அவர்களின் விவரங்களைப் பதிந்து வைத்து, ஆபத்து வரும்போது தக்கபடி தெரிவிக்க வேண்டும் என்கிறது. அந்தப் பதிவேட்டில் நம் சந்துப் பிள்ளைகளின் பெயர் இருக்கிறதா? வாடகைக் கோலியில் வாழ்கிறவன், ரேஷன் அட்டை ஊரில் கிடக்கிறவன், பிள்ளையை அக்கம்பக்கத்துக்குக் காட்டக் கூசுகிறவன், இவர்கள் பெயரை யார் எழுதுவார்?

ஆகவே பை கொடுத்தோம், படம் எடுத்தோம் என்று முடித்துவிடக் கூடாது. பையோடு போகிற தொண்டர் வீடு வீடாகப் பெயரை எழுதி வரட்டும். பெற்றோர் சம்மதத்தோடு அந்தப் பட்டியலை ஆணையத்திடம் கொடுப்போம். கொடுத்ததற்கு ரசீது கேட்போம். வெள்ளம் வந்தால் எந்தக் கோலிக்கு எந்த இரண்டு இளைஞர்கள் ஓட வேண்டும் என்று இன்றே முடிவு செய்வோம்.

பணத்துக்கு எங்கே போவது? இந்த ஆண்டு பொங்கல் விழாவில் அலங்கார மேடையை விட்டுவிடுவோம். தரையில் நின்று பேசினாலும் தமிழ் தமிழ்தான்! தீர்மானத்தை ஏற்பவர்கள் கை உயர்த்துங்கள்.