டோங்கா: கடல் நடுவே ஒரு முடியரசு

நம் நாட்டில் இரவு மணி 9 அடிக்கும்பொழுது டோங்காவில் மறுநாள் காலை 4.30 ஆகியிருக்கும். நமக்கு ஏழரை மணி நேரம் முந்திப் பொழுது புலரும் அந்நாட்டைத் தேசப்படத்தில் காண்பதற்குச் சற்றுக் கூர்ந்த பார்வை வேண்டும். தென் பசிபிக் மாக்கடலில், நியூஜீலந்துக்கு வடகிழக்கே, ஏறத்தாழ 170 தீவுகள் தூவினாற்போலக் கிடக்கின்றன. அவற்றின் நிலப்பரப்பு முழுவதையும் கூட்டினாலும் சுமார் 750 சதுர கிலோமீட்டரே. அதாவது டெல்லிப் பிரதேசத்தில் பாதியளவு. மக்கள்தொகை ஏறக்குறைய 1 லட்சம். தீவுகளுள் பெரியது டோங்காடாப்பு. தலைநகராகிய நுக்குவாலோபா அதில்தான் உள்ளது.

1773ஆம் ஆண்டில் இங்கு வந்திறங்கிய காப்டன் குக், தமக்குக் கிடைத்த உபசாரத்தில் மகிழ்ந்து, இவற்றுக்கு ‘நட்புத் தீவுகள்’ என்று பெயரிட்டார். பின்னாளில் பசிபிக் தீவுகள் பலவும் ஐரோப்பியர் வசமாயின. டோங்காவோ 1900 முதல் 1970 வரை பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்தபோதிலும், தன் மன்னரையும் அரசியல் சட்டத்தையும் இழக்கவில்லை. பாலினீசியாவில் இன்று எஞ்சி நிற்கும் முடியரசு இதுவே.

இதற்கு அடிகோலியவர் முதலாம் ஜார்ஜ் துப்போ மன்னர். தம்முட் போரிட்டு வந்த தீவுகளை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த அவர், 1862இல் பிரபுக்களின் அடிமைத்தளையிலிருந்து குடிமக்களை விடுவித்தார். 1875இல் அரசியல் சட்டம் வழங்கினார். நிலத்தை எவரும் விற்கலாகாது என்பது அச்சட்டத்தின் உயிர்நாடி. பதினாறு வயது நிரம்பிய ஆண்மகன் ஒவ்வொருவனும் பயிரிடுவதற்கு எட்டேகால் ஏக்கர் பெற உரியவன் என்னும் ஏற்பாடும் பின்னர் அமைந்தது. அந்நியர் பணம் கொடுத்து நாட்டை வாங்கிவிடாமல் காத்தது இந்த வேலியே எனலாம்.

அவ்வம்சத்தில் வந்த ஸலோட்டே ராணி, 1918 முதல் 1965 வரை அரசாண்டார். 1953இல் லண்டனில் நடந்த முடிசூட்டு விழாவின்போது கொட்டும் மழையிலும் தம் வண்டியின் கூரையை மூடாமல், நனைந்தவாறே மக்களை நோக்கிக் கையசைத்துச் சென்றார். அந்த ஒரு காட்சியால் டோங்காவின் பெயர் உலகெங்கும் பரவிற்று.

எனினும் முடியாட்சியிலும் மனக்குறை வளர்ந்தது. ஆட்சிப் பொறுப்பில் தங்களுக்குப் போதிய பங்கில்லை என்ற குடிமக்களின் வருத்தம், 2006 நவம்பரில் தலைநகரில் கலவரமாக மூண்டது. கடைத்தெருவின் பெரும்பகுதி எரிந்தது. 8 பேர் மாண்டனர். அப்பொழுது அரியணையில் இருந்த ஐந்தாம் ஜார்ஜ் துப்போ, தம் அதிகாரங்களிற் பலவற்றைத் தாமே விட்டுக்கொடுத்தார். 2010ஆம் ஆண்டுத் தேர்தல் முதற்கொண்டு, தேர்ந்தெடுக்கப்படும் 26 உறுப்பினருள் 17 பேரைக் குடிமக்களும், 9 பேரைப் பிரபுக்களும் தேர்ந்தெடுக்கின்றனர். சட்டங்களுக்கு இசைவளிக்கவோ மறுக்கவோ மன்னருக்கு இன்றும் உரிமையுண்டு.

இங்குள்ள குடும்ப மரபு நமக்கு வியப்பளிக்கும். தமையனைவிடத் தங்கைக்கு மதிப்பு மிகுதி. அத்தை வீட்டிற்கு வந்தால் அவளுக்கே முதலிடம். துக்க வீட்டிலும் சபை நடுவில் வீற்றிருப்பவள் அவளே. ஆயினும் நிலவுரிமை என்று வரும்போது பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான பாத்தியதை இல்லை. மரியாதை தங்கைக்கு, மண் தமையனுக்கு என்னும் இம்முரண்பாட்டைக் குறித்து அந்நாட்டுப் பெண்கள் இன்று கேள்வியெழுப்புகின்றனர்.

விற்க முடியாத மண்ணும் இப்பொழுது யாவருக்கும் போதவில்லை. நியூஜீலந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் குடியேறியுள்ள டோங்கா வம்சத்தினர் தாயகத்தில் இருப்பவர்களைவிட அதிகம். அவர்கள் அனுப்பும் பணமே பல வீடுகளில் உலை கொதிக்கச் செய்கிறது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் ஆலயக் காணிக்கையும் அதிலிருந்தே செல்கின்றன.

2022 ஜனவரி 15ஆம் நாள், தலைநகருக்கு வடக்கே சுமார் 65 கிலோமீட்டர் தொலைவில் கடலடி எரிமலை வெடித்தது. பேரலை கரையேறிற்று, சாம்பல் மழையால் குடிநீர் கெட்டது. வெளியுலகத்தோடு நாட்டை இணைத்த ஒரே கடலடிக் கம்பியும் அறுந்தது. அயல்நாட்டில் இருந்த மக்களுக்குத் தாய் தந்தையர் உயிரோடிருக்கின்றனரா என்று கேட்கவும் வழியில்லை. கையிற் பணமிருந்தும் அனுப்ப இயலவில்லை. துணைக்கோள் வழியாகச் சிறிது சிறிதாகச் செய்தி வந்தது. கம்பித் தொடர்பு முதன்மைத் தீவுக்கு மீண்டும் கிடைக்க ஐந்து வாரங்களுக்கு மேலாயிற்று.

ஊரைவிட்டு வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு, ஊரிலிருந்து ஒரு வாரம் கடிதம் வராவிட்டாலும் மனம் என்ன பாடுபடும் என்பது தெரியும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசர் மண்ணை விற்கலாகாதென்று தடுத்து, நாட்டைக் காத்தார். அந்த மண்ணில் உழுது நிற்க ஆட்களையும் தங்கச் செய்வது எவ்வாறு என்பதே அவர் வழித்தோன்றல்கள் முன் இன்று நிற்கும் கேள்வி.