காரணம் என்ன எழுதுவது?

கொரோனாத் தொற்றால் 2020 மார்ச் 25ஆம் நாள் ஊரடங்கு தொடங்கியபொழுது, எங்கள் பொதட்டூர்பேட்டையில் தறியோசை அடங்கிற்று. ஆந்திர எல்லைக்கு அப்பால் நகரியில் வேலைக்குப் போயிருந்த நெசவாளர் ஒருவர் அங்கேயே தங்கிவிட்டார். ஏப்ரலில் அவர் மனைவி என்னிடம் வந்து, "ஐயா, வீட்டுக்காரர் வந்து சேர ஒரு மனு எழுதித் தாருங்கள்" என்றார்.

அனுமதிச் சீட்டுக்கு அந்நாளில் ஏற்கப்பட்ட காரணங்கள் திருமணம், இறப்பு, அவசர மருத்துவம். இவர்களுக்கோ திருமணம் முன்பே ஆகிவிட்டது. அதுவே குறையாகப் போயிற்று! "இறப்பு என்று எழுதுங்கள்" என்றார் அருகிலிருந்தவர். "உயிரோடிருக்கும் மாமியாரைச் சாகடிக்கவா?" என்று அந்தப் பெண் சினந்தார். உள்ளதையே எழுதினேன், மனு மறுக்கப்பட்டது.

ஜூன் முதல் நாள் தமிழகம் எட்டு மண்டலங்களாயிற்று. மண்டலத்துக்குள் செல்லச் சீட்டு வேண்டாம். ஆயினும் திருவள்ளூர் மாவட்டத்தில் பேருந்து ஓடவில்லை. கணவர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இருந்த பெண்கள் மாவட்டத்தின் மறுகோடிக்கு எப்படிப் போவார்கள்? நோய்க்கு அஞ்சி அடங்கியிருக்க எவரும் மறுக்கவில்லை. இன்றைய விதி எது என்று விளங்கச் சொல்வார் இல்லையே என்றுதான் திண்ணைகளில் சினந்தார்கள்.

டென்மார்க்கில் அவ்வாண்டு மே மாதம், எல்லைக்கு அப்பாலுள்ள காதலர்கள் உறவை மெய்ப்பிக்கப் புகைப்படமும் கைப்பேசிச் செய்தியும் காட்டவேண்டும் என்றனர். எதிர்ப்பு எழவே, கையொப்பமிட்ட உறுதிமொழி போதுமென விரைவில் மாற்றினர்.

இங்கே செப்டம்பரில் மாவட்டம் கடக்கும் சீட்டு நீங்கியது. வெளிமாநிலச் சீட்டு நீடித்தாலும், விண்ணப்பித்தவுடன் கிடைத்தது. நெசவாளர் வந்து சேர்ந்தார். வாசலுக்கு முதலில் வந்தவர் அவருடைய தாயார்.