வழியில் நின்ற பொதிகள்



விருத்தாசலத்தை அடுத்த எங்கள் நல்லூரில் மணிமுத்தாறும் கோமுகியும் கூடுகின்றன. ஆற்றில் நீர் குறைந்தால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் உடனே வானத்தைக் குறை கூறுவதில்லை. எந்த ஆற்றில் குறைந்தது, கூடுமிடத்திற்கு மேலேயா, கீழேயா என்று முதலில் கேட்பார்கள். கணிப்பொறிகளுக்கு இடையே ஓடும் செய்தியோட்டம் தளரும்போதும் கேட்கவேண்டிய கேள்வி இதுவே. ஒரு பீங்கான் தொழிற்கூடத்தில் நான் கண்ட நிகழ்ச்சியைக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

முதலில் மெய்நிகர் கணிப்பொறி என்பது யாது என்று காண்போம். ஒரே வீட்டில் பல ஒண்டுக்குடித்தனங்கள் இருப்பதை நாம் அறிவோம். ஒவ்வொரு குடும்பத்திற்கும் தனி அறை உண்டு, தனி அடுப்பு உண்டு. தெருவாசல் மட்டும் எல்லார்க்கும் பொது. அதுபோல ஒரே கணிப்பொறிக்குள் பல கணிப்பொறிகள் தனித்தனியே இயங்குவதாக அமைத்துவிடலாம். 1972ஆம் ஆண்டிலேயே ஐ.பி.எம். நிறுவனம் வி.எம். 370 என்னும் பெயரில் இத்தகைய அமைப்பை வெளியிட்டது. 2007ஆம் ஆண்டில் கே.வி.எம். என்னும் பகுதி லினக்ஸில் சேர்ந்தபின், சிறிய தொழிற்கூடங்களுக்கும் இவ்வசதி எளிதில் கைகூடியது. இடம் தரும் இயந்திரத்தைத் தாய்க் கணிப்பொறி என்போம். அதன் வலையமைப்பு அட்டையே தெருவாசல். உள்ளே அறைகளை இணைக்கும் நடைக்குப் பாலம் என்பது கணிப்பொறியாளர் வழங்கும் பெயர்.

நான் சொல்லும் தொழிற்கூடத்தில் அத்தகைய தாய்க் கணிப்பொறி ஒன்று இருந்தது. கணக்கிற்கு ஒன்று, வெளியூர் ஆர்டர்களுக்கு ஒன்று, பொம்மைகளின் படங்களுக்கு ஒன்று என மூன்று மெய்நிகர் கணிப்பொறிகள் அதனுள் இயங்கின. கார்த்திகைத் தீபம் நெருங்கிற்று. அகல்விளக்கு வேண்டுவோர் அனுப்பும் பட்டியல்களும் படங்களும் வந்து சேரவில்லை. பாதியில் நின்று நின்று வந்தன. காத்திருந்து சலித்த வியாபாரிகள் வேறிடம் நாடத் தொடங்கினர். முதலாளி முன்னிலும் பெரிய இணைப்பை வாங்கினார். மாதக் கட்டணம் உயர்ந்தது, வேகம் உயரவில்லை. பழி, அவ்வமைப்பைக் கவனித்துவந்த நல்லூர்ப் பெண்ணின்மேல் விழுந்தது.

“ஏம்மா, நாளைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கவேண்டியதுதான்” என்றார் முதலாளி.

“ஐயா, இன்று ஒரு பொழுது மட்டும் எதையும் மாற்றாமல் அளந்து பார்க்க விடுங்கள்” என்று கேட்டுக்கொண்டாள் அப்பெண்.

அவள் அளந்த முறையைக் கேளுங்கள். முதலில் பிங் என்னும் சோதனையைச் செய்தாள். அது ஒரு சிறு பொதியை அனுப்பி, மறுமொழி வரும் நேரத்தைக் காட்டுவது. குறை ஏதும் தென்படவில்லை. அடுத்து ஐபெர்ஃப் என்னும் கருவியை எடுத்தாள். அது இரு கணிப்பொறிகளுக்கிடையே நொடிக்கு எவ்வளவு செய்தி செல்கிறது என்பதை அளப்பது. பக்கத்து மேசைக் கணிப்பொறியிலிருந்து தாய்க் கணிப்பொறிக்கு அனுப்பினாள், வேகமாகச் சென்றது. ஒரு மெய்நிகர் கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பினாள், அதுவும் வேகமே. மெய்நிகர் கணிப்பொறியிலிருந்து பக்கத்து மேசைக்கு அனுப்பினாள், குறைவில்லை. பக்கத்து மேசையிலிருந்து மெய்நிகர் கணிப்பொறிக்கு அனுப்பியபோது மட்டும் ஓட்டம் நொண்டியது.

இங்கே சற்று நின்று சிந்திக்கவேண்டும். வெளியூர் இணைப்பு இச்சோதனைகளில் எதிலும் ஈடுபடவேயில்லை. ஆகவே அது குற்றமற்றது. கம்பி குற்றமற்றது, அட்டை பழுதாகவில்லை, பாலமும் தடையின்றி நடந்தது. வெளியிலிருந்து தெருவாசல் வழியாக நுழைந்து, நடையைக் கடந்து அறைக்குள் செல்லும் பொதிகளுக்கு மட்டுமே தடை. அவள் நான்கே சோதனைகளில் இவ்வளவும் தெளிந்தாள்.

தடையின் காரணம் விந்தையானது. வலையமைப்பில் வழக்கமான ஒரு பொதியின் மேல்வரம்பு 1500 பைட். ஆயிரக்கணக்கில் வரும் சிறு பொதிகளை ஒவ்வொன்றாக வாங்கினால் தாய்க் கணிப்பொறிக்கு வேலை மிகும் என்பதால், வாங்கும் இடத்திலேயே பல பொதிகளை ஒன்றாகக் கட்டி ஒரே பெரும் பொதியாக்கித் தரும் வசதி சில அட்டைகளில் உண்டு. பொதி தாய்க் கணிப்பொறிக்கே உரியதாயின் இது நன்மையே. உள்ளறைக்கு உரியதாயின், தெருவாசலில் கட்டிய பெரிய மூட்டை உள்வாசலில் நுழையாது. பாலம் அதனைக் கீழே போட்டுவிடுகிறது. சேர்த்துக் கட்டப்படாமல் தனியே வந்த சிறு பொதிகள் தப்பிவிடுகின்றன. பிங் சோதனையில் குறை தெரியாமைக்கு இதுவே காரணம். பாலம் அமைத்தவுடன் இவ்வசதியை லினக்ஸ் தானே நிறுத்திவிடுவதுண்டு. அங்கே இருந்தது பழைய அமைப்பு, அது நிறுத்தவில்லை.

பெரிய இணைப்பு ஏன் உதவவில்லை என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு விடை காண 1986ஆம் ஆண்டிற்குச் செல்லவேண்டும். அவ்வாண்டு அக்டோபரில், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்திற்கும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திற்கும் இடையே, 400 கெஜ தூரத்தில், நொடிக்கு 32,000 பிட் சென்ற ஓட்டம் 40 பிட்டாகச் சுருங்கிற்று. வான் ஜேக்கப்சன் என்னும் அறிஞர் காரணத்தைத் தேடினார். வழி நெரிந்தபோதும் கணிப்பொறிகள் ஒப்புகை வரவில்லையென்று அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பி, நெரிசலை மேலும் வளர்த்துவந்தன. ஒப்புகை வராவிட்டால் அனுப்புவோர் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவேண்டும் என்னும் ஒழுங்கை அவரும் மைக்கேல் கேரல்ஸும் வகுத்தனர்; 1988ஆம் ஆண்டில் அது கட்டுரையாக வெளிவந்தது. இணையத்தை நெரிசலிலிருந்து காத்த ஒழுங்கு அது.

அந்த நல்ல ஒழுங்கே எங்கள் தொழிற்கூடத்தில் ஓட்டத்தைத் தளர்த்தியது. உள்வாசலில் விழுந்த பொதிக்கு ஒப்புகை எப்படி வரும்? அனுப்பிய கணிப்பொறி, “வழியில் நெரிசல் போலும்” என்று எண்ணித் தயங்கித் தயங்கி அனுப்பிற்று. வழியோ வெறிச்சோடிக் கிடந்தது. வெறிச்சோடிய சாலையை அகலமாக்கி என்ன பயன்?

அப்பெண் பொதிகளைச் சேர்த்துக் கட்டும் வசதியை நிறுத்தினாள். அந்த ஒன்றைத் தவிர வேறெதையும் தொடவில்லை. பிறகு அதே நான்கு சோதனைகளையும் மீண்டும் செய்தாள். நான்கிலும் ஓட்டம் சீராயிருந்தது.

எல்லா இடத்திலும் காரணம் இதுவேயாகும் என்று எண்ணிவிடலாகாது. மெய்நிகர் கணிப்பொறிக்குச் செயலியில் உரிய முறை கிட்டாவிட்டால் பொதிகள் வரிசையில் காத்துக் கிடக்கும். பழைய அட்டை ஒன்றைப் போல நடிக்கும் மெய்நிகர் அட்டையை அமைத்திருந்தால், ஒவ்வொரு செயலுக்கும் தாய்க் கணிப்பொறி குறுக்கிட நேர்ந்து வேகம் குறையும். அங்கே விர்ட்டியோ போன்ற, மெய்நிகர் நிலைக்கென்றே ஆக்கப்பட்ட அட்டை நலம் தரும். நோய்கள் பல, தேடும் முறை ஒன்றே. வழியைக் கூறுகளாகப் பிரித்து அளக்கவேண்டும். போவதையும் வருவதையும் தனித்தனியே பார்க்கவேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி, மறுபடியும் அளக்கவேண்டும்.

இம்முறையை எங்கே கற்றாய் என்று அவளைக் கேட்டேன். சூளையடியில் வேலை செய்யும் முதியவரைக் காட்டினாள். விரிசல்விட்ட பொம்மையை அவர் உடனே எறிவதில்லையாம். விரிசலின் விளிம்பைத் தடவிப் பார்ப்பாராம். விளிம்பு மழுங்கி, கிளேஸ் என்னும் மெருகுப்பூச்சு உள்ளே வழிந்திருந்தால், மெருகுப்பூச்சு உருகுமுன்பே விரிசல் இருந்தது. விளிம்பு கத்திபோல் கூராயிருந்தால், வெந்து ஆறும்போது விழுந்தது.

“விரிசல் எங்கே பிறந்தது என்று அதுவே சொல்லும், தாயீ. நாம் அவசரப்படாமல் பார்க்கவேண்டும்” என்பது அவர் வாக்கு.

அவ்வாண்டு கார்த்திகைக்கு அகல்விளக்குகள் உரிய நாளில் புறப்பட்டன. அப்பெண்ணின் வேலையும் நிலைத்தது. ஒரு பொழுது பொறுமையுடன் அளந்ததன் பயன் அது.